டைமர் வைத்துப் படங்களை ஓட்டினால் அசைவு ஏன் சீராக வருவதில்லை?

விண்டோஸ் ஃபார்ம்ஸ் (விண்டோஸ் நிரல்களுக்குத் திரைகளை உருவாக்க உதவும் .NET கருவித்தொகுப்பு) பயன்பாட்டில் சக்கரம் சுழல்வதைக் காட்ட, 24 படங்களை 40 மில்லிவினாடிக்கு ஒன்றாக மாற்றியும் சுழற்சி மெதுவாகவும் விட்டுவிட்டும் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள்களைப் பராமரிக்கும் எனக்கு இது பழகிய சிக்கல்.

டைமருக்கு, அதாவது குறித்த இடைவெளியில் நிரலை அழைக்கும் கருவிக்கு, நீங்கள் கொடுக்கும் 40 என்ற எண்ணைக் குறைந்தபட்ச இடைவெளியாகவே கொள்ள வேண்டும். விண்டோஸின் கடிகாரம் வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது; ஆகவே 40 கடந்தபின் வரும் துடிப்பு, அதாவது சுமார் 47 ஆவது மில்லிவினாடிதான், உங்கள் டைமருக்குக் கிடைக்கிறது. 960 மில்லிவினாடியில் முடிய வேண்டிய ஒரு சுற்று 1,125 வரை நீள்வது இதனால்தான். மேலும், நேரமாகிவிட்டது என்று விண்டோஸ் நிரலுக்குத் தெரிவிக்கும் டைமர் செய்திக்கு முன்னுரிமை மிகக் குறைவு. மவுஸ், கீபோர்டு செய்திகள் வரிசையில் நிற்கும்வரை அது காத்திருக்கும், இடையில் தவறிய துடிப்புகள் பின்னர் சேர்த்துத் தரப்படுவதும் இல்லை.

எனவே ஒவ்வொரு துடிப்புக்கும் படத்தின் எண்ணில் ஒன்றைக் கூட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அசைவு தொடங்கும்போது ஒரு ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, டைமர் அழைக்கும்போதெல்லாம் கழிந்த மில்லிவினாடிகளை 40 ஆல் வகுத்து, அந்த ஈவை மீண்டும் 24 ஆல் வகுத்தால் வரும் மீதியையே படத்தின் எண்ணாகக் கொள்ளுங்கள். துடிப்பு தாமதமானால் ஒரு படம் விடுபடலாம். சுற்றின் வேகம் மாறாது. கண்ணுக்கு உறுத்துவது வேகம் மாறுவதுதான் என்பது என் அனுபவம்.

சக்கரம் அடியோடு நின்றுவிடுகிறது என்றால் காரணம் வேறு. நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் பில் கவுன்ட்டரில், பில்லைச் சேமித்து அச்சுக்கு அனுப்பும் வேலை முழுவதும் திரையை வரையும் அதே திரெட்டில் (நிரலுக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஓர் இழையில்) நடந்துகொண்டிருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் சக்கரம் உறைந்து நிற்பதைக் கண்ட ஊழியர் பொத்தானை மறுபடியும் அழுத்த, ஒரே பில் இரண்டு முறை அச்சாகி வாடிக்கையாளரோடு வாக்குவாதமே வந்துவிட்டது. இத்தகைய அசைவை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. வேலை நடக்கிறது என்று பயனருக்குச் சொல்ல அந்தத் திரையில் வேறு எதுவும் இருக்கவில்லை. சேமிப்பையும் அச்சையும் பின்னணித் திரெட்டுக்கு மாற்றி, வேலை முடியும்வரை பொத்தானையும் முடக்கி வைத்த பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது. டைமரையே வேறு திரெட்டில் ஓடும் வகைக்கு மாற்றுவது இதற்குத் தீர்வாகாது. அங்கிருந்து திரையின் கட்டுப்பாடுகளை நேரடியாகத் தொட்டால் பிழைதான் வரும், முறைப்படி திரையின் திரெட்டிடம் ஒப்படைத்தாலும் அது ஓயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

படங்களை ஒவ்வொரு துடிப்பிலும் டிஸ்கிலிருந்து படிக்காமல், தொடக்கத்திலேயே ஓர் அணிவரிசையில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் நேரமும் வீணாகும், பழைய படங்களை விடுவிக்காதபோது நினைவகமும் ஏறிக்கொண்டே போகும். பேனலில் நீங்களே வரைவதாக இருந்தால் இரட்டை பஃபரை (படத்தை நினைவகத்தில் முழுதாக வரைந்தபின் திரைக்குக் கொண்டுவரும் முறையை) இயக்கிவிடுங்கள், மினுக்கம் நின்றுவிடும். படம் காட்டுவதற்கென்றே உள்ள பிக்சர்பாக்ஸில் அது முன்பே உண்டு. சாளரம் சுருக்கப்பட்டதும் டைமரை நிறுத்திவிடுங்கள். கழிந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடுவதால், மீண்டும் திறக்கும்போது சக்கரம் தன் வேகத்திலேயே தொடரும்.