கெற்றமைன் பாவிக்கும் தம்பிக்குச் சலக்கடுப்பு, இரத்தம்

உங்கள் தம்பிக்குச் சலக்கடுப்பும் சலத்தில் இரத்தமும் இரண்டு தரம் அன்டிபயோட்டிக் குடித்தும் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கிருமி இல்லை, அவர் போதைக்கு எடுக்கும் கெற்றமைன் என்ற மயக்க மருந்துதான். அது சலத்தோடு வெளியேறும்போது சலப்பையின் உட்புறத்தைப் புண்ணாக்கும். தழும்பேறினால் பை சுருங்கும். 400 மில்லிலீற்றர் கொள்ளும் பை 100ஐக்கூடத் தாங்காமல் போகலாம்.

மூன்று நாளைக்கு, ஒவ்வொரு முறையும் போகும் சலத்தை அளவுக் கோப்பையில் பிடித்து நேரத்தோடு எழுதச் சொல்லுங்கோ. அந்தத் தாளோடு திருகோணமலைப் பொது ஆஸ்பத்திரிக்குப் போய் யூரின் கல்ச்சர் (சலத்தில் கிருமி இருக்கோ என்று பார்க்கும் சோதனை), ஸ்கான் பற்றிக் கேளுங்கோ. கல்ச்சரில் கிருமி இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். பாவிப்பதை டொக்டரிடம் மறைக்கவே வேண்டாம். மறைத்தால் திரும்பவும் அன்டிபயோட்டிக்தான் கிடைக்கும்.

நோவுக்கென்று இன்னும் கொஞ்சம் எடுக்கப் பார்ப்பார், அங்கேதான் கவனம். நிறுத்தாமல் மருந்து பிடிக்காது.

காய்ச்சல், விலாக்குத்து, சலம் அடைப்பு இருந்தால் மூன்று நாள் காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கோ. சாராயத்தோடு எடுத்து எழுப்ப முடியாமல் கிடந்தால் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்குக் கோல் அடியுங்கோ.