திருவாதிரை ஏன் சிவப்பு?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் ரயில் ஹாரனை வைத்துத்தான் டாப்ளர் விளைவை நடத்தினார்கள். கிட்டே வரும்போது கீச்சென்று கேட்கும், தாண்டியதும் சட்டென்று சுருதி இறங்கும். அதுபோல விலகிப் போகும் நட்சத்திரத்தின் ஒளி சிவக்கும், அதை வைத்துத்தான் பிரபஞ்சம் விரிவதைக் கண்டுபிடித்தார்கள் என்றார்கள். திருவாதிரை சிவப்பாக இருக்கிறதே, அது ஓடுவதால் வந்த சிவப்பா, இயல்பான சிவப்பா? எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

வெட்கப்பட வேண்டாம், டாப்ளரே இதில் சறுக்கியவர்தான். 1842-ல் பிராக் நகரில் அவர் வாசித்த கட்டுரை ரயிலைப் பற்றியதல்ல, இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றியது. நிறத்துக்குக் காரணம் வேகம் என்றார். சூத்திரம் சரி, உதாரணம் தப்பு. (ரயில் 1845-ல் வந்தது. நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் ஊதுகொம்புக்காரர்களை ரயிலில் ஏற்றி, சுரஞானம் உள்ளவர்களைத் தண்டவாளத்தோரம் நிறுத்திக் கேட்கவைத்தார்.)

திருவாதிரை சிவப்பாக இருப்பது அதன் மேற்பரப்பு சூரியனைவிடக் குளிர்ந்தது என்பதால். சுமார் 3,500 கெல்வின்தான். அது நொடிக்கு 20 கி.மீ. சொச்சம் விலகுவதும் உண்மை. ஆனால் அந்த வேகம் அதன் ஒளியில் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள ஹைட்ரஜன் கோட்டை 0.05 நானோமீட்டர்கூட நகர்த்தாது. கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆகவே நிறத்தை விடுங்கள், கோடுகளைப் பாருங்கள். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் கோடு போட்டிருக்கும். 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட், நட்சத்திரம் போலத் தெரிந்த 3சி 273 என்ற பொருளின் நிறமாலையை வைத்துக்கொண்டு திண்டாடினார். 563, 503, 475 நானோமீட்டரில் கோடுகள். எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. ஆய்வகத்தில் ஹைட்ரஜனின் கோடுகள் 486, 434, 410. நீங்களே வகுத்துப் பாருங்கள்: மூன்றிலும் ஏறக்குறைய 1.16 வரும். சுருதியை மாற்றிப் பாடினாலும் மோகனம் மோகனம்தானே? சுரங்களுக்கு இடையே உள்ள விகிதம் மாறாததால்தான் ராகத்தை அடையாளம் காண்கிறோம். இங்கே ராகம் ஹைட்ரஜன், சுருதி இறங்கியிருக்கிறது. இயல்பான சிவப்புக்கு இந்த வேலை தெரியாது.

சரி, ஒன்று விலகினால் பிரபஞ்சம் விரிகிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஸ்லைஃபர் என்ற வானியலாளர் 1912-ல் முதலில் அளந்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது! ஆனால் 1917-க்குள் அவர் அளந்த 25 சுருள் நெபுலாக்களில் (கேலக்ஸிகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) 21 விலகிக்கொண்டிருந்தன. ஆனால் அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. துடிக்கும் நட்சத்திரங்களின் துடிப்புக்கும் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை ஹென்ரியட்டா லெவிட் கண்டுபிடித்திருந்தார். அதைக் கொண்டு தூரத்தை அளந்த ஹபிள், இரட்டைத் தூரத்துக்கு இரட்டை வேகம் என்று 1929-ல் காட்டினார். ஸ்லைஃபர் பெயரைப் பாடப்புத்தகங்கள் விட்டுவிடுவது எனக்கு ஆறாத வருத்தம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து இதே முடிவுக்கு 1927-லேயே வந்துவிட்ட பாதிரியார் லெமெத்ரும் பாதி மறக்கப்பட்டவர்தான்.

உங்கள் ஆசிரியரின் ரயிலில் ஒரு திருத்தம். ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. தொலைதூர கேலக்ஸிகள் விஷயத்தில் தண்டவாளமே நீள்கிறது, வழியில் இருக்கும் அலையும் கூடவே நீள்கிறது. ஆண்ட்ரோமெடாவும் நாமும் ஈர்ப்பால் கட்டுண்டவர்கள், அதனால் அங்கே இந்த நீட்சி இல்லை. நம் கேலக்ஸிக்குள்ளேயே இருக்கும் திருவாதிரைக்கும் இல்லை. அதன் 20 கி.மீ. வெறும் ரயில் ஓட்டம்தான். 3சி 273-இன் 1.16 அப்படியல்ல. அந்த ஒளி சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியபோது தொலைவிலுள்ள இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவே 100 பங்கு தூரம் இருந்ததென்றால், இன்று 116 பங்கு.