ஊரே அடிச்ச நோட்டு

கடிதம்:

வணக்கம் சார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் சமயத்துல அந்த நாட்டோட கட்டலோனியா பகுதியில ஊருக்கு ஊர் நகராட்சியே பேப்பர் நோட்டு அடிச்சு விட்டுச்சுன்னு படிச்சேன். அரசாங்கம் அடிக்காத நோட்டு கள்ள நோட்டுதானே, ஜனங்க எப்படி நம்பி வாங்குனாங்க?
– ஒரு வாசகர்

பதில்:

வணக்கம். கள்ள நோட்டுன்னு சொல்லாதீங்க. கள்ள நோட்டு அடிக்கிறவன் தன்னை மறைச்சுக்குவான், இதுல ஊர் பேரு, நகராட்சி முத்திரை, மேயர் கையெழுத்துன்னு எல்லாமே இருக்கும்.

1936 ஜூலைல சண்டை ஆரம்பிச்சதும் ஜனங்க வெள்ளிக் காசைப் பதுக்க ஆரம்பிச்சாங்க. நாளைக்கு யாரு ஆட்சின்னே தெரியாதப்ப வேற என்ன பண்ணுவாங்க, ஆனா எல்லாரும் பதுக்குனதுல சில்லறையே காணாம போச்சு, ரொட்டி வாங்கப் போறவங்க பெரிய நோட்டை நீட்டுனா கடைக்காரர் கிட்ட மீதி கொடுக்க ஒண்ணும் இல்ல, கூலி பட்டுவாடாவும் திண்டாட்டம். அந்த அக்டோபர்ல ஸ்பெயின் பாங்க்கோட தங்கம் சுமார் 510 டன் சோவியத்துக்குக் கப்பல் ஏறுச்சு. அவ்ளோ தங்கம் இருந்த நாட்டுல ஒரு சந்தையில 25 சென்டிமோ மீதி தர வழியில்ல! (அப்போ அந்த நாட்டுப் பணம் பெசெட்டா, நூறு சென்டிமோ ஒரு பெசெட்டா.)

கட்டலோனியா அரசாங்கம் 2.5, 5, 10 பெசெட்டா நோட்டு விட்டுச்சு, ஆனா அதுவும் பெருசுதான். அதுக்குக் கீழ உள்ளதை நகராட்சி, கூட்டுறவு சங்கம், தொழிற்சங்கம்னு அங்கங்க அடிச்சுக்கிட்டாங்க. பல ஊர்ல அடிச்ச அளவுக்கு ஸ்பெயின் பாங்க் நோட்டை ஈடா எடுத்து வச்சிருந்தாங்க. அடிச்சவங்க யாருன்னு ஊருக்கே தெரியும், போய்க் கேட்கலாம், நம்பிக்கை அதுலதான் வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஊர் எல்லை தாண்டுனா செல்லாது, அது பெரிய தொல்லைதான்.

1938 ஜனவரியில ஸ்பெயினோட குடியரசு அரசாங்கமே இதை நிறுத்தச் சொல்லிருச்சு, பதிலுக்கு தபால்தலை ஒட்டின வட்ட அட்டையைக் கூட சில்லறையா விட்டாங்க.

எனக்கு மனசு ஆறாதது அப்புறம் நடந்ததுதான். 1936 ஜூலை 18க்குப் பிறகு குடியரசுத் தரப்பு விட்ட நோட்டு எதுவும் செல்லாதுன்னு குடியரசை எதிர்த்துச் சண்டை போட்டு கடைசியில ஜெயிச்ச தளபதி ஃபிராங்கோவோட தரப்பு அறிவிச்சுது, இருக்கிறதைக் கொண்டாந்து ஒப்படைக்கவும் சொல்லுச்சு. கொடுத்தவங்களுக்குக் கிடைச்சது ரசீது மட்டும்தான். வெள்ளியைப் பதுக்குனவங்க கையில வெள்ளி இருந்துச்சு, ஊரை நம்பி, அரசை நம்பி கூலியைப் பேப்பரா வாங்குனவங்க கையில ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷ உழைப்புங்க அது, அதைப் போய் கள்ளப் பணம்னு சொன்னா எனக்குக் கோவம்தான் வருது.