வாசகர் கேள்வி பதில்: மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு வாத்தியம்

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு வைக்க எனக்கு ஆசை. சம்பந்தி வீட்டில் மேளமே போதும் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்லலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

இரண்டையும் வையுங்கள், சேர்த்து மட்டும் வாசிக்கச் சொல்லாதீர்கள். தெருவில் பேண்டு, மண்டபத்துக்குள் நாயனமும் தவிலும். காரணம் சுருதிதான். சுருதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள், பெரிய நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை கட்டையில் நிற்கும். பேண்டில் இருக்கும் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வழக்கமாக பி ஃபிளாட் கருவிகள், நம் கணக்கில் ஆறரை கட்டை. இறங்கி வாசிக்கவே முடியாது என்றில்லை, ஆனால் ஒவ்வொரு பாட்டையும் விரல் மாற்றிப் பழக வேண்டும், முகூர்த்த நாளில் ஒரு கல்யாணம் முடிந்து அடுத்த கல்யாணத்துக்கு ஓடுகிறவர்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளம் தவிலுக்கே உரியது, அந்த நேரம் பேண்டு வாசலில் இருக்கட்டும்.

பேண்டு வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சம்பந்தி சொன்னால், தஞ்சாவூரை நினைவுபடுத்துங்கள். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜியின் அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வாசித்திருக்கிறது. கிளாரினெட் கச்சேரி மேடையே ஏறிவிட்டது, அதை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, பேசி முடிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். வேறு கல்யாண ஊர்வலத்தில் அவர்கள் வாசிப்பதை நேரில் நின்று கேளுங்கள், செல்போனில் அனுப்பும் வீடியோ போதாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைவிட, அதில் எத்தனை பேர் ஊதுகிறார்கள் என்று பாருங்கள். பன்னிரண்டு பேர் சிவப்புச் சட்டையில் வந்து அதில் நாலு பேர் மட்டும் ஊதி, மற்றவர்கள் ஜால்ராவும் மராக்காஸுமாக நடந்துவந்த ஊர்வலத்தை நானே பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்பட்டது. யூஃபோனியமோ ட்ராம்போனோ ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கனத்த குரல் அடியில் இல்லாவிட்டால் ட்ரம்பெட் எல்லாம் மேலேயே நின்று கத்துவது போலத்தான் இருக்கும்.

அப்புறம் உதடு. ட்ரம்பெட் பேசுவது உதட்டின் அதிர்வில், தொடர்ந்து ஊதினால் உதடு தளர்ந்து மேல் ஸ்வரங்கள் உடையும். இரண்டு பாட்டு ஊதினால் அடுத்து கொஞ்ச நேரம் டிரம்ஸ் மட்டும் ஓடட்டும், அந்த நேரத்தில் "ஏன் நிறுத்திட்டீங்க" என்று யாரும் போய் அதட்ட வேண்டாம். ஊதப் போகிறவருக்கு வயிறு முட்டச் சாப்பாடு ஆகாது, முன்னால் லேசாக டிபன் கொடுங்கள், முடிந்ததும் உங்கள் சொந்தக்காரர்களோடு அதே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், நிறைய வீடுகளில் அவர்களைக் கடைசிப் பந்தி வரை வெளியே நிற்க வைக்கிறார்கள். ஊர்வலம் இரவு 10 மணிக்குள் முடியட்டும், அதற்குமேல் காலை 6 வரை தெருவில் வாத்தியம் வாசிக்கச் சட்டம் தடை சொல்கிறது.

ஏற்காட்டில் ஜனவரி மாதம் காலையில் சர்ச் கல்யாணம். சேலத்திலிருந்து பேண்டு வருகிறது. குளிரில் சுருதி சேராது என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, ஏற்காடு

உண்மைதான். காற்று குளிர்ந்தால் அதில் ஒலி மெதுவாகப் போகும், ஊதுகருவியின் சுருதி இறங்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஆளுக்கு ஆள் வேறு அளவில் இறங்கினால்தான் காது கூசும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிவாரத்தில் வேர்த்தபடி வண்டி ஏறியவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி இறங்கும்போது பித்தளை சில்லென்று இருக்கும். அதனால் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்லுங்கள். மூடிய அறை ஒன்றும் சூடாக காபியும் கொடுங்கள். கருவிக்குள் மெதுவாக மூச்சு விட்டு அவர்களே சூடேற்றிக்கொண்டு, குழாயின் நீளத்தை மாற்றும் ட்யூனிங் ஸ்லைடைத் தள்ளிச் சரிசெய்வார்கள். மரத்தாலான கிளாரினெட் இருந்தால் அதை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம், சில்லென்ற மரத்தில் சூடான மூச்சைச் சட்டென்று ஊதினால் விரிசல் விடும்.

சாக்ஸபோன் பித்தளை, ட்ரம்பெட்டும் பித்தளை. இரண்டும் ஒரே வகையா?
- மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

இல்லை தம்பி. சாக்ஸபோனில் ஒலியை எழுப்புவது நாணல் சீவாளி, அதனால் உடம்பு பித்தளையாக இருந்தாலும் அது கிளாரினெட்டோடு சேர்ந்தது. ட்ரம்பெட்டில் அந்த வேலையை ஊதுகிறவரின் உதடே செய்கிறது.