வீட்டில் சிறு குழந்தைகளும் குறும்புக்கார நாயும் இருக்கும்போது, வயதான அம்மாவை ஒட்டுத்துணிப் போர்வை தைக்க வேண்டாம் என்று சொல்வது சரியா?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். உங்கள் அம்மா பகல் முழுவதும் துணித் துண்டுகளைப் பரப்பிக்கொண்டு போர்வை தைக்கிறார் என்றும், வீட்டில் இரண்டு சிறு குழந்தைகளும் கண்டதை எல்லாம் வாயில் கவ்வும் ஓர் இளம் நாயும் இருப்பதால் ஊசியை நினைத்துப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை சொல்லிப் பார்த்து, அவர் பதில் பேசாமல் பெட்டியை மூடியதைக் கண்டு மனம் கேட்காமல்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு 69 வயது. அந்தப் பெட்டியை மூடியவரின் இடத்தில் இருப்பவள் நான். ஆகவே நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் பயம் வீண் பயம் என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் பொத்தான். வெள்ளை முதுகில் ஒற்றைக் கறுப்பு வட்டம் இருப்பதால் பேரப்பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவன் வந்தபோது எனக்குப் பெரிய கவலை எதுவும் இருக்கவில்லை. நாய்க்குட்டிகளுக்கு 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும் காலத்தில் ஈறு தினவெடுத்து எதையாவது கடிக்கும், 6 அல்லது 7 மாதத்தில் அது அடங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பற்கள் முளைத்து முடிந்தன, குறும்பு முடியவில்லை. ஒரு துண்டுத் துணியைக் கவ்விக்கொண்டு ஓடினால் பேரனும் பேத்தியும் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான்; அதன் பிறகு துணி அவனுக்கு விளையாட்டின் அழைப்பு மணியாகிவிட்டது. நாங்கள் துரத்தத் துரத்தத்தான் அவன் திருடக் கற்றுக்கொண்டான் என்பது எனக்கு மிகவும் தாமதமாகவே விளங்கியது.

இனி அந்த மாலையைப் பற்றிச் சொல்கிறேன். பேரனுக்காக 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட போர்வை ஒன்றைக் கைத்தையலாகத் தைத்துக்கொண்டிருந்தேன். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்து ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகின்ற கட்டம் அது. தொலைபேசி ஒலித்தது, எழுந்து போனேன், பேசிவிட்டுத் திரும்பியபோது ஊசியைக் காணவில்லை. பொத்தான் நாற்காலிக்குக் கீழே படுத்திருந்தான். அவன் வாயோரத்தில் என் நீல நூல் இரண்டு அங்குல நீளத்துக்குத் தொங்கியது.

எட்டு வயதுப் பேரன் நூலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் குழந்தையும் நாயும் ஒருசேர நடுங்கிப்போனார்கள். அப்படி நான் கத்தியதற்குக் காரணம் உண்டு. நாய் விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டு, மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அதைத் தள்ளத் தள்ளத் தானே நூலின் மேல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி ஏறும். இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடவும் கூடும். நூலை இழுத்தால் துணி சுருங்கும் என்பதைத் தைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் வாயில் தெரிந்தாலும் சரி, பின்புறம் தெரிந்தாலும் சரி, வீட்டில் யாரும் அதை இழுக்கக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நான் மருத்துவர் அல்ல. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், இதை வைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மகள் வண்டியை ஓட்டினாள், நான் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டேன், பேரப்பிள்ளைகள் இருவரும் வழி முழுவதும் அழுதார்கள். எக்ஸ்ரே எடுத்தால் நூல் தெரியாது, ஆனால் ஊசி உலோகம் என்பதால் பளிச்சென்று தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். படத்தில் ஊசி இல்லை. வாயைத் திறந்து பார்த்தபோது நூல் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுமுனை வாயைத் தாண்டிப் போகவே இல்லை. மருத்துவர் அதை எடுத்துப் போட்ட பிறகும், வாந்தி எடுக்கிறானா, சாப்பாட்டை ஒதுக்குகிறானா என்று இரண்டு நாள் கவனிக்கச் சொல்லி அனுப்பினார். அப்படியானால் ஊசி எங்கே என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, மகள் என் அருகில் வந்து, என் இடது தோளில் இருந்து எதையோ மெதுவாக உருவி எடுத்தாள். தொலைபேசி ஒலித்ததும் நூலை அறுத்துவிட்டு ஊசியை மேலாடையில் குத்திக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். பல ஆண்டுப் பழக்கம், கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. அந்தத் தோளோடுதான் நாயையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மகள் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், “போதும் அம்மா, இனி ஊசி வேண்டாம். உனக்கு ஞாபகமும் முன்புபோல் இல்லை” என்றாள். ஊசி வேண்டாம் என்றதைவிட அடுத்த வாக்கியம்தான் எனக்கு வலித்தது. தையல் பெட்டி பரணுக்குப் போனது. நான் எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் தவறு என்னுடையது. உங்கள் அம்மாவும் பேசாமல் இருந்தால், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெட்டியைக் கீழே இறக்கியது 11 வயதுப் பேத்தி. எனக்குக் கிட்டப் பார்வை மங்கிய பிறகு, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் 10 ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவது அவள் வேலையாக இருந்தது. நூல் ஒவ்வொன்றும் ஒரு முழம், அதாவது ஏறத்தாழ 18 அங்குலம். அதற்கு மேல் நீண்டால் சிக்கு விழும். அந்த வேலை பறிபோனதில் என்னைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம். தடித்த கம்பளித் துணி ஒன்றில் 10 கட்டங்கள் வரைந்து, 1 முதல் 10 வரை எண் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஊசி என்று குத்திக்கொண்டு வந்து தன் அம்மாவிடம் நீட்டினாள். தைக்கத் தொடங்கும்போது 10, முடிக்கும்போதும் 10. ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை யாரும் அந்த அறையை விட்டுப் போவதில்லை, பொத்தான் உள்ளே வருவதும் இல்லை. குண்டூசிகளுக்கும் கணக்கு உண்டு. தலையில் வண்ண மணி வைத்த 50 குண்டூசிகளைப் பேரன் எண்ணிக் காந்தத்தில் ஒட்டி வைப்பான். என் மேலாடையில் ஊசி குத்தக் கூடாது என்பது தனி விதி. இன்றைக்கும் மாலையில் பேரன் என் இரண்டு தோள்களையும் தடவிப் பார்த்த பிறகே கணக்கை முடிக்கிறான்.

சிறு குழந்தைகளிடம் ஊசிப் பொறுப்பைக் கொடுப்பதா என்று சிலர் கேட்பார்கள் என்று தெரியும். இரண்டு வயதுக் குழந்தையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை; அவர்கள் மிகவும் சிறியவர்கள் என்றால் அந்தக் கணக்கை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். என் பேரன் பின்னக் கணக்கைக் கற்றதும் இந்தப் போர்வையில்தான். தைத்த பின் 4 அங்குலம் நிற்க வேண்டிய சதுரத்தை, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். வரிசைக்கு 9 சதுரம், மொத்தம் 12 வரிசை, ஆக 108 சதுரம். ஓர் இணைப்பில் அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, பிசகினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டான். 9 சதுரங்களுக்கு 8 இணைப்புகள், ஆகவே வரிசை முழுவதிலும் ஓர் அங்குலம் குறைந்துவிடும் என்று தைத்தே காட்டினேன். பக்கத்து வரிசையோடு அது பொருந்தாமல் நின்றதைப் பார்த்த பிறகு, கோடு போடாமல் அவன் ஒரு துண்டும் வெட்டியதில்லை.

கத்தரி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்கு இது நேரடித் தொடர்பில்லாதது, மன்னிக்கவும். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. காகிதம் அதன் முனையை மழுக்கிவிடும், பிறகு துணியை வெட்டாமல் மென்றுதான் தள்ளும். இதை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. குழந்தைகளுக்குப் புரிந்தது. மூடிய உறையோ அட்டைப் பெட்டியோ வந்தால் என் கத்தரியைத்தான் தேடி வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவர் இன்னும் திருந்தவில்லை. என் ஞாபகத்தைக் குறை சொல்லும் வீட்டில் இவருடைய ஞாபகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. “சும்மாதானே இருக்கிறீர்கள், எங்களுக்கும் ஒன்று தைத்துக் கொடுங்களேன்” என்று கேட்கும் உறவினர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

பொத்தானை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். துரத்துவதை நிறுத்தினோம், அவ்வளவுதான். அவன் துணியைக் கவ்வினால் யாரும் எழுவதில்லை, கத்துவதில்லை. அவனுக்குப் பிடித்த பந்தைக் காட்டினால் துணியைக் கீழே போட்டுவிட்டு வருகிறான். முதல் இரண்டு வாரம் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இது கடினமாக இருந்தது. பழைய ஜீன்ஸ் துணிகளை இரட்டையாக வைத்துத் தைத்து அவனுக்கென்று ஒரு விரிப்பும் செய்து கொடுத்திருக்கிறேன். அதற்குள் பஞ்சு வைக்கவில்லை, ஏனென்றால் கிழித்துப் பஞ்சை விழுங்கினாலும் குடலை அடைத்துக்கொள்ளும். தையல் பிரியத் தொடங்கியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மூன்று அடுக்குகளும் நகராமலிருக்கப் பெரிய பெரிய தையலாக நூலோட்டும் நாளில் போர்வை முழுவதையும் தரையில் விரிக்க வேண்டியிருக்கிறது. விரித்த நிமிடத்தில் பொத்தான் எங்கிருந்தாவது வந்து, நட்ட நடுவில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். ஆகவே பேரப்பிள்ளைகள் அவனை நடைக்கு அழைத்துப்போகும் நேரத்தில் மட்டுமே அந்த வேலையைச் செய்கிறேன், அவர்கள் திரும்பி வரும் முன் சுருட்டி வைத்துவிடுகிறேன். உங்கள் அம்மா மேசையில் தைப்பவரா, தரையில் அமர்ந்து தைப்பவரா என்று நீங்கள் சொல்லவில்லை. தரையில் என்றால், தைக்கும் நேரத்தில் சாத்தி வைக்கக் கதவுள்ள ஓர் அறையை முதலில் அவருக்கு ஒழித்துக் கொடுங்கள். பெட்டியில் எத்தனை ஊசிகள் இருக்கின்றன என்று இன்று மாலையே அவருடன் உட்கார்ந்து எண்ணிவிடுங்கள்.