‘வந்தால்’ வேறு, ‘வந்தால்தான்’ வேறு

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘தேவையான நிபந்தனை’, ‘போதுமான நிபந்தனை’ இரண்டையும் ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். விளக்கத்தைப் படிக்கும்போது புரிகிறது, கேள்வித்தாளில் வந்தால் குழம்புகிறது. என்ன செய்வது?

பதில்: வரையறையை மனப்பாடம் செய்வதை விடுங்கள். நீங்கள் தினமும் பேசும் தமிழிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. ‘நீ வந்தால் போவேன்’ என்றால் நீ வருவதே போதும். நீ வராவிட்டால் போகமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ‘நீ வந்தால்தான் போவேன்’ என்றால் நீ வராமல் கிளம்பவே மாட்டேன். ஆனால் நீ வந்த பிறகும் காய்ச்சலோ மழையோ என்னைத் தடுக்கலாம். முன்னது போதுமானது, பின்னது தேவையானது.

அப்புறம் ஏன் குழம்புகிறது? ‘வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம்’ என்று அம்மா சொன்னால், முடிக்காவிட்டால் போகக் கூடாது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்கிறது. சொல்லாத ‘தான்’ஐ அதுவே சேர்த்துக்கொள்கிறது. வீட்டில் அது சரி. தேர்வில் அதே பழக்கம்தான் மதிப்பெண்ணைப் பறிக்கிறது.

சந்தேகம் வந்தால் எதிர் உதாரணம் தேடுங்கள். 4ஆல் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். 1900 வகுபடும், ஆனால் லீப் ஆண்டு அல்ல. 100ஆல் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டாக வேண்டும். ஆக, 4ஆல் வகுபடுவது போதாது. ஆனால் 4ஆல் வகுபடாத லீப் ஆண்டு ஒன்றைக்கூடக் காட்ட முடியாது, அதனால் அது தேவையானது. 400ஆல் வகுபடுவதோ நேர்மாறு: 2000க்கு அதுவே போதும், ஆனால் 2024 அது இல்லாமலேயே லீப் ஆண்டாக இருந்தது.

இரண்டிலும் சேராதவையும் உண்டு. வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்தால் அட்டைக்குப் பதில் பாஸ்போர்ட்டைக் காட்டியும் போடலாம். இதைப் பலர் வாக்குச்சாவடிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தேர்வுத்தாளில் ‘இருந்தால் மட்டுமே’ என்று வந்தால் அதை ‘இருந்தால்தான்’ என்று படியுங்கள். ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று சேர்ந்து வந்தால் நிபந்தனை தேவையானது, போதுமானதும்கூட; அங்கே மட்டும் இரு பக்கமும் தயங்காமல் போய் வரலாம்.