ஊர் கொதிக்கும்போது செல்போனை எவ்வளவு நம்பலாம்?

கலவரம், போராட்டம், ஊரடங்கு என்று ஒரு நகரம் கொதிக்கிற நாட்களில் போலீஸ் கண்காணிப்பு, இணையத் தாக்குதல், வதந்தி பற்றியெல்லாம் வாசகர்கள் எழுதிக் கேட்டவை இந்த இதழில். 2020 மே, ஜூனில் அமெரிக்க நகரங்களில் நடந்ததைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்பது பிற்பாடு ஓரளவு முழுமையாக வெளியே வந்த சம்பவம் அது.

நான் சைபர் செக்யூரிட்டி படிக்கிறேன். ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது மினியாபொலிஸ் போலீஸையே அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு ஹேக் செய்துவிட்டது என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா சார்?
– கல்லூரி மாணவி, சிவகாசி

இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார்கள், குழப்பம் அதனால்தான்.

மினியாபொலிஸில் போலீஸ் அதிகாரி ஒருவர் கழுத்தில் முழங்காலை அழுத்தியதில் கறுப்பினத்தவரான ஃபிளாய்ட் இறந்தது 2020 மே 25. மூன்று நாள் கழித்து, 28-ம் தேதி இரவு, அந்த ஊரின் மூன்றாவது சரகக் காவல் நிலையத்தைக் கூட்டம் கொளுத்தியது. அதே நாளில் மாநகர நிர்வாகத்தின் சில இணையதளங்கள் முடங்கின, சில மணி நேரத்தில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. அந்த வார இறுதியில் போலீஸ் தளம் விழுந்தது. 31-ம் தேதி, அந்த ஊர் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தின் ஆளுநர் டிம் வால்ஸ், மாநில அரசின் கணினிகள் மீது பெரிய தாக்குதல் நடந்தது என்று பேட்டியிலேயே சொன்னார். இதெல்லாம் டி-டாஸ் வகை, அதாவது போலிக் கோரிக்கைகளைக் குவித்து ஒரு தளத்தைத் திணறடிப்பது. ரேஷன் கடை வாசலில் கார்டே இல்லாத ஆயிரம் பேர் வரிசையில் நின்றால் கார்டு வைத்திருப்பவர் உள்ளே போக முடியாது, ஆனால் கடைப் பூட்டை யாரும் உடைக்கவில்லை, ஒரு அரிசிகூடத் திருடு போகவில்லை. அப்படித்தான் இதுவும்.

அடுத்தது, மினியாபொலிஸ் போலீஸாரின் மின்னஞ்சல்களும் பாஸ்வேர்டுகளும் என்று சொல்லி ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றியது. அதை எடுத்துப் பார்த்தவர் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட். இதற்கு முன் வேறு வேறு தளங்களில் இருந்து கசிந்த பழைய பட்டியல்களில் அந்த முகவரிகள் ஏறத்தாழ எல்லாமே ஏற்கெனவே இருந்தன. அதாவது, போலீஸ் சர்வருக்குள் யாரும் நுழைந்ததற்கு அது ஆதாரமே இல்லை. யாரோ பழைய குப்பையைக் கிளறி, போலீஸ் முகவரி இருப்பதை மட்டும் பொறுக்கி, புதுசு என்று விற்றிருக்கிறார்கள். கோபத்தில் இருந்த லட்சக்கணக்கான பேர் அதைப் பகிர்ந்தார்கள். நீங்கள் இந்தத் துறைக்கு வரப்போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், ஹன்ட் செய்த அந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். தாக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். பரபரப்பு உச்சத்தில் இருக்கும்போது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து ‘இது பழையது’ என்று சொல்கிறவர்கள்தான் குறைவு.

அதே நாட்களில் சிகாகோ போலீஸின் வயர்லெஸ் அலைவரிசையில் யாரோ பாட்டு ஓடவிட்டார்கள். பலர் ரசித்தார்கள். எனக்கு அதில் ரசிக்க ஒன்றுமில்லை. அடிபட்டுக் கிடக்கிறவருக்கு ஆம்புலன்ஸ் கேட்பதும் அந்த மாதிரி அலைவரிசையில்தான், அது அடைபட்டால் உயிர் போகும், போகிற உயிர் போராட்டக்காரருடையதாகவும் இருக்கலாம்.

கூட்டம் எங்கே சேர்கிறது, யார் தூண்டுகிறார்கள் என்று பார்க்காமல் போலீஸ் எப்படிப் பாதுகாப்புக் கொடுக்கும்? சமூக வலைதளத்தைக் கவனிப்பதே தப்பு என்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?
– ஓய்வுபெற்ற காவல்துறை ஊழியர், மதுரை

கவனிக்கத்தான் வேண்டும் ஐயா. எந்தத் தெருவில் தீ, எந்தப் பாலம் அடைபட்டிருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறைக்கு வருவதற்கு முன்பே யாரோ ஒருவருடைய ஃபோனில் இருந்து வெளியே வந்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. என் கேள்வி வேறு. பார்த்ததில் எதை எடுத்து வைக்கிறீர்கள், எவ்வளவு நாள், எந்தப் பூட்டுக்குள்?

அமெரிக்காவில் அந்த மே 29-ம் தேதி, எல்லைக் காவல் பணிக்கு வாங்கிய பிரிடேட்டர் வகை ட்ரோன் ஒன்று மினியாபொலிஸ் மேலே சுற்றியது. விமானங்களின் போக்கைக் காட்டும் பொதுத் தளங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண ஆட்கள்தான் அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னார்கள். பிறகு நியூயார்க் டைம்ஸ் எழுதியது: ட்ரோன், ஹெலிகாப்டர், விமானம் என்று 15 நகரங்களுக்கு மேலே பறந்து குறைந்தது 270 மணி நேரக் காட்சி பதிவாகியிருக்கிறது. ட்விட்டர் பதிவுகளை நேரடியாக வாங்கிச் சலித்துக் கொடுக்கும் டேட்டாமைனர் என்ற நிறுவனம், எங்கே போராட்டம் நடக்கிறது என்று போலீஸுக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. எங்களுடையது கண்காணிப்பு இல்லை, செய்தி எச்சரிக்கைதான் என்பது அவர்கள் வாதம். அமைதியாகப் பதாகை பிடித்து நின்றவர்களின் கூட்டமும் அந்த எச்சரிக்கைகளில் இருந்தது, அதனால் அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை.

சரி, சேர்த்தார்கள். சேர்த்தது என்ன ஆனது? 2020 ஜூன் 19-ம் தேதி ‘புளூலீக்ஸ்’ என்ற பெயரில் 269 ஜிபி கோப்புகள் வெளியே வந்தன. 200-க்கும் மேற்பட்ட போலீஸ் துறைகள், ஃபியூஷன் சென்டர்கள் எனப்படும் உளவுத் தகவல் பரிமாற்ற மையங்கள் ஆகியவற்றின் அறிக்கைகள், எச்சரிக்கைக் குறிப்புகள், பெயர், ஃபோன் நம்பர், மின்னஞ்சல், சிலருடைய வங்கிக் கணக்கு எண்கள்கூட. 1996-ல் தொடங்கி ஏறக்குறைய 24 வருடத்துச் சரக்கு. இவ்வளவும் போனது எந்த வழியாக? இத்தனை துறைகளுக்கும் வெப்சைட் நடத்திக்கொடுத்த, ஹூஸ்டனில் இருந்த நெட்சென்ஷியல் என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் வழியாக. அதன் வாடிக்கையாளர் கணக்கு ஒன்று யார் கையிலோ சிக்கி, கோப்பு ஏற்றும் வசதி மூலமாக உள்ளே வந்திருக்கலாம் என்று ஃபியூஷன் சென்டர்களின் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய குறிப்பில் சொன்னது.

யோசித்துப் பாருங்கள் ஐயா. தெருவில் நின்றவர்களை ட்ரோன் வைத்துப் பார்த்தவர்கள், தங்கள் அலமாரியை யார் திறக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அதில் போராட்டக்காரர் விவரம் மட்டும் இல்லை, காவலர்கள், தகவல் கொடுத்தவர்கள், ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். கசிந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. அந்தக் கோப்புகளை வைத்திருந்த, ஜெர்மனியில் இருந்த ஒரு சர்வரை அடுத்த மாதமே அங்குள்ள அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள்தான், ஆனால் அதற்குள் கோப்புகள் எங்கெங்கோ போய்விட்டன.

பொதுமக்களிடம் வீடியோ கேட்பதும் இப்படித்தான், யோசித்துச் செய்ய வேண்டும். டல்லஸ் போலீஸ் மே 31-ம் தேதி, போராட்டத்தில் சட்டவிரோதமாக எதையாவது பார்த்தால் எங்கள் ஐவாட்ச் செயலியில் அனுப்புங்கள் என்றது. கொரியப் பாப் பாடகர்களின் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நடன வீடியோக்களாகக் கொட்டி நிரப்ப, செயலியே படுத்துவிட்டது. உண்மையிலேயே கடை எரிவதைப் படம் எடுத்து அனுப்ப நினைத்தவருக்கும் அன்று வழி இல்லை. ஜனங்கள் நம்பாத இடத்தில் செயலி வைத்து மட்டும் தகவல் வாங்க முடியாது.

என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். அங்கே ஏதாவது கலவரம் என்றால் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வருவதைப் பார்த்து இரவெல்லாம் தூக்கம் வராது. எதை நம்புவது, எதை விடுவது?
– இல்லத்தரசி, கும்பகோணம்

அம்மா, முதலில் மகளுக்கு ஒரு ஃபோன் அடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். லைன் கிடைக்கவில்லை என்றாலும் உடனே பயப்பட வேண்டாம், ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினால் நெரிசலாகும். குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும்.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒரு சம்பவம். 2020 மே 31 இரவு விடிவதற்குள் வாஷிங்டனில் ஃபோன், இணையம் எல்லாவற்றையும் அரசு துண்டித்துவிட்டது, போராட்டக்காரர்களுக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை என்று ‘டிசி பிளாக்அவுட்’ என்ற ஹேஷ்டேகில் ஐந்து லட்சம் பதிவுகள் வரை போயின. எங்கேயும் எதுவும் துண்டிக்கப்படவில்லை. உலகம் முழுக்க இணையத் துண்டிப்பைக் கண்காணிக்கும் நெட்பிளாக்ஸ் அமைப்பும் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. வாஷிங்டன் நினைவுத் தூண் எரிகிறது என்று வந்த படம் ஒரு டிவி தொடரில் இருந்து எடுத்தது! இதைவிட என்னை உலுக்கியது மறுநாள் நடந்தது. ‘நான் இந்த ஊர்தான், இது பொய்ச் செய்தி’ என்று நிறைய கணக்குகள் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரே வாசகத்தைப் போட்டன, அதில் சில திருடப்பட்ட கணக்குகள். மறுப்பும் போலி மாதிரி தெரிந்ததால், பிளாக்அவுட் உண்மைதான் போல என்று பலர் திரும்பவும் நம்பினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. ‘ஆன்டிஃபா’ என்ற இடதுசாரிகளின் பெயரில் ஒரு ட்விட்டர் கணக்கு, இன்று இரவு வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் புகப்போகிறோம் என்று எழுதியது. அந்தக் கணக்கை நடத்தியதே ஒரு வெள்ளை இனவாதக் குழு என்று ட்விட்டர் கண்டுபிடித்து நீக்கியது. அதற்குள் ஆன்டிஃபா ஆட்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் போய்விட்டது. ஆரகன் மாநிலத்தின் கிளாமத் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் ஜனங்கள் துப்பாக்கியோடு கடைத்தெருவில் காவல் நின்றார்கள். எந்த பஸ்ஸும் வரவில்லை. ஆனால் அங்கே அமைதியாகப் போராட வந்திருந்த உள்ளூர்க்காரர்கள் அந்தத் துப்பாக்கிகளுக்கு எதிரே நிற்க வேண்டி வந்தது. அந்த வாரம் நடந்த எந்த ஹேக்கிங்கையும்விட இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன்.

அதனால் உங்கள் குழுவில் ஒரு செய்தி வந்தால், தெருப் பெயர் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, அனுப்பியவர் நேரில் பார்த்தாரா என்று பாருங்கள். ‘என் நண்பரின் மாமா போலீஸில் இருக்கிறார்’ என்று தொடங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நகரத்து உள்ளூர்ப் பத்திரிகையும் நகர நிர்வாகத்தின் அறிவிப்பும் போதும். எந்தத் தெருக்கள் மூடியிருக்கின்றன, ஊரடங்கு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் வந்துவிடும். போலீஸ் வயர்லெஸ் கேட்கும் செயலிகளை அந்த நாட்களில் ஏராளமானவர்கள் இறக்கிக்கொண்டார்கள். நீங்கள் அதற்குள் போகாதீர்கள் அம்மா. அதில் வருவது முதல் தகவல்தான், பாதி தவறாக இருக்கும், திருத்தம் வருவது உங்கள் காதில் விழாது.

போராட்டத்தில் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– வாசகர், கோவை

மற்றவர்கள் முகம் தெரிகிற படத்தைப் போடாதீர்கள். சிக்னல் செயலி 2020 ஜூன் தொடக்கத்திலேயே முகத்தை மங்கலாக்கும் வசதியைக் கொண்டுவந்தது, அப்படி ஏதாவது பயன்படுத்துங்கள். முகத்தை மறைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஃபிலடெல்ஃபியாவில் போலீஸ் காருக்குத் தீ வைத்த ஒருவரை எஃப்பிஐ பிடித்தது அவர் போட்டிருந்த டிஷர்ட்டை வைத்து. அதை விற்ற, எட்சி என்ற இணையச் சந்தையில் இருந்த கடையின் வாடிக்கையாளர் மதிப்புரையில் தொடங்கி, ஒவ்வொரு தளமாகப் போய் ஆளைக் கண்டுபிடித்தார்கள். தீ வைத்தவரைப் பிடித்தது சரிதான். ஆனால் சும்மா நின்றவரையும் அதே வழியில், அவரைப் பிடிக்காத யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

2018 மே மாதம் எங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு இணையத்தையே நிறுத்தினார்கள். வதந்தியைத் தடுக்க அதுதானே வழி என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகர், தூத்துக்குடி

வதந்தி பெரிய ஆபத்து என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், ஆனாலும் இந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை. 22, 23 தேதிகளில் சுட்டதில் 13 பேர் இறந்த ஊரில், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினால், பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தேடுகிறவர் என்ன செய்வார்? வதந்தி வாய்வழியாகவும் போகும். அதை மறுக்கிற செய்திக்குத்தான் வழி இல்லாமல் போகும்.

இலங்கையைப் பாருங்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்தார்கள். வெறுப்புப் பதிவுகள் அதற்கு வெகு முன்பிருந்தே அங்கே கிடந்தன, அவற்றை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020-ல். பிறகு 2022 ஏப்ரல் 3-ம் தேதி, பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தின்போது நாடு முழுக்க மறுபடியும் தடை. அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, நானும் விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் மென்பொருள்) போட்டுத்தான் இதை எழுதுகிறேன், இந்தத் தடையால் பயனே இல்லை என்று ட்விட்டரில் போட்டார். ஒரே நாளுக்குள் தடையை எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில், காஷ்மீர் இணையத் துண்டிப்பை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள்: காலவரையறை இல்லாமல் இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்துகிற உத்தரவை வெளியிட வேண்டும். உங்கள் ஊரில் இனி எப்போதாவது நிறுத்தினால், அந்த உத்தரவு எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

போராட்டத்துக்கு நன்கொடை, கருத்துக்கணிப்பு என்றெல்லாம் லிங்க் வருகிறதே, திறக்கலாமா?
– கணக்காளர், ஈரோடு

திறக்காதீர்கள். 2020 ஜூனில் ‘கறுப்பின உயிர்கள் முக்கியம்’ இயக்கத்தைப் பற்றிப் பெயர் சொல்லாமல் கருத்துச் சொல்லுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் போனது. அதில் இருந்த வேர்ட் கோப்பைத் திறந்து எடிட்டிங் அனுமதி கொடுத்தால், வங்கி விவரம் திருடுகிற ட்ரிக்பாட் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இறங்கிவிடும். கோபமோ பரிதாபமோ உச்சத்தில் இருக்கும்போது கை தானாக அழுத்திவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பணம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால், அந்த அமைப்பின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து போய்க் கொடுங்கள். பணம் போய்விட்டது என்றால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் தொகையை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.